மாடியில் சாக்கு கட்டிவிட்டுப் போனவர்

பாண்டிச்சேரி என்ற பெயரைப் பலகைகளில் எல்லாம் புதுச்சேரி என்று மாற்றி எழுதிக்கொண்டிருந்த சமயம் அது. நல்ல கோடை. ஊருக்குள் சாரம் என்ற பகுதியில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது. இன்றைக்கும் இதை யாரிடமாவது சொல்ல ஆரம்பித்தால், எந்த இடத்தில் கோபப்பட வேண்டும், எந்த இடத்தில் பரிதாபப்பட வேண்டும் என்று எனக்கே குழம்பிவிடும். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கணவருக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. நான் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் உட்கார்ந்திருந்தேன். ஒரே மகள், அப்போது ஒன்றாம் வகுப்பு. அவளுக்கு அடிக்கடி வீசிங் வரும். பச்சைத் தண்ணீரில் குளிக்க வைக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, காலையில் எழுந்ததும் அடுப்பில் வெந்நீர் வைப்பதும், கொதிக்கிற பாத்திரத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு ஓடுவதுமாக இருந்தேன். ஒருநாள் வழுக்கி விழப் போனேன். அதைப் பார்த்துப் பயந்துபோன என் கணவர்தான் சோலார் வாட்டர் ஹீட்டர் போட்டுவிடலாம் என்றார். அப்போது எங்கள் தெருவில் யார் வீட்டிலும் அது கிடையாது.

டவுனில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தவரிடம் வாங்கினோம். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். விற்பதும் அவர்தான், வந்து மாட்டுவதும் அவர்தான். மாடியில் டேங்கை நிறுத்தி, அதற்குக் கீழே கண்ணாடிக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கைக்குழந்தையைப் படுக்க வைப்பதுபோல வைத்தார். குளியலறையில் வெந்நீருக்கு ஒரு சிவப்புக் குழாய், பச்சைத் தண்ணீருக்கு ஒரு நீலக் குழாய். வேலை முடிந்ததும் என் மகளைத் தூக்கிக் காட்டி, "சூரியன் ஒனக்கு தண்ணி காச்சி குடுக்குது பாரு" என்றார். எங்களுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

"அஞ்சு வருஷம் வாரண்டிக்கா. ஒரு போன் பண்ணுங்க போதும், நானே வந்து நிப்பேன்" என்றார். சொன்ன மாதிரியே முதல் வருடம் வந்தார். கூப்பிடாமலே கூட ஒரு தடவை வந்து, குழாய்களைத் துடைத்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

அந்தக் கோடையில் டேங்கின் ஒரு இணைப்பிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாள் மணியே அடிக்கவில்லை. என் கணவர் ஷிப்டு முடிந்து வரும்போது கடைக்குப் போய்ப் பார்த்தார். ஷட்டர் சாத்தியிருந்தது. மேலே இருந்த பலகை உடைந்து ஒரு பக்கமாகத் தொங்கியதாம். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கேட்டால், "தெரியாது சார், தொறக்கறதில்ல" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம்.

"ஓடிட்டான்" என்றார் என் கணவர் வீட்டுக்கு வந்ததும். "நாலு பேருக்கு மாட்டுனான், கெளம்பிட்டான்."

வாரண்டி அட்டையில் பெங்களூரில் இருந்த தலைமைக் கம்பெனியின் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். ஒரு பெண் ரொம்ப இனிமையாகப் பேசினாள். உங்கள் ஊர் டீலரிடம் புகார் கொடுங்கள் என்றாள். டீலரையே காணவில்லை என்றேன். அப்படியானால் அந்தப் புகாரையும் டீலர் மூலமாகத்தான் அனுப்ப வேண்டும் என்றாள். நான் சொன்னது அவளுக்குப் புரியவில்லையா, அவள் சொன்னது எனக்குப் புரியவில்லையா என்று தெரியாமல் போனை வைத்தேன்.

சரி, சொட்டினால் சொட்டட்டும் என்று விட்டுவிட்டோம். அந்த வாரக் கடைசியில் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். வீட்டைப் பூட்டிக்கொண்டு மூன்று பேரும் போனோம். திரும்பி வந்தபோது நல்ல வெயில். பஸ் தூசியும் வியர்வையும். நாங்கள் பைகளை இறக்கிக்கொண்டிருக்கும்போதே என் மகள் குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தலையெல்லாம் சொட்டச் சொட்ட வெளியே வந்து, "நானே குளிச்சிட்டேன், செவப்புக் கொழாவ நானே தொறந்தேன்" என்றாள். அதுவரைக்கும் நான்தான் வாளியில் இரண்டு தண்ணீரையும் கலந்து, கையை விட்டுப் பார்த்து ஊற்றுவேன். பெரிய பெண்ணாகிவிட்டாள் என்று நானும் அவரும் சிரித்தோம்.

மாலையில் துணி காயப்போட மாடிக்குப் போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன். ஹீட்டரின் கண்ணாடிக் குழாய்களில் முக்கால்வாசியை யாரோ கோணிச் சாக்கால் மூடி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். சூரிய வெளிச்சம் படத்தானே அந்தக் குழாய்களை வைத்திருக்கிறோம்? அதைப் போய் யார் மூடுவார்கள்? கிட்டே போய்ப் பார்த்தால் இன்னொரு ஆச்சரியம். டேங்கில் சொட்டிக்கொண்டிருந்தது நின்றுபோயிருந்தது. இணைப்பில் புது வாஷர் போட்டு, சுற்றிலும் துடைத்து வைத்திருந்தது.

எங்கள் மாடிப் படி வெளிப்பக்கமாக இருந்தது. கேட்டுக்குப் பூட்டு கிடையாது. எதிர் வீட்டில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற ஒருவர் இருந்தார். சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்வதுபோல, தெருவில் அதைச் "சொல்தா" வீடு என்பார்கள். நாங்கள் அவரை, ஐயா என்பதுபோல, முசே என்று கூப்பிடுவோம். பால்கனியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருடைய முக்கியமான வேலை. அவரிடம் கேட்டேன்.

"ஒரு ஆளு வந்தாம்மா, மோட்டார் சைக்கிள்ள" என்றார். "தலையில ஹெல்மெட்டு. மாடி ஏறி எறங்குற வரைக்கும் அத கழட்டவே இல்ல. யாருப்பான்னு கேட்டேன், சோலார் சர்வீஸ்னான். மரியாதயா தான் பேசுனான். நான் என்னா பண்றது?"

கம்பெனிதான் ஆளை அனுப்பியிருக்கிறது என்று என் கணவருக்கு ஒரே சந்தோஷம். நன்றி சொல்லவும், சாக்கு எதற்கு என்று கேட்கவும் பெங்களூருக்குப் போன் செய்தேன். அதே பெண். புதுச்சேரிக்கு நாங்கள் யாரையும் அனுப்பவில்லை என்றாள். அனுப்பியிருக்கிறீர்கள், நன்றாகவே ரிப்பேர் செய்திருக்கிறார் என்றேன். இல்லை மேடம், அனுப்பவில்லை என்றாள். செய்யாத வேலையைச் செய்ததாக நானும், செய்த வேலையைச் செய்யவில்லை என்று அவளும் சண்டை போடாத குறை.

என் கணவர் சாக்கை அவிழ்த்து ஒரு மூலையில் போட்டார். ஊரிலிருந்த என் மாமியாரிடம் போனில் சொன்னபோது, யாரோ வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள் ஏதோ செய்து வைத்திருக்கிறார்கள், அந்தச் சாக்கை வீட்டிலேயே வைக்காதே என்றார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் சாக்கைக் காலால் தள்ளித்தான் தெருக்கோடிக்குக் கொண்டுபோனேன், கையால் தொடவில்லை.

அடுத்த வாரம் ஒரு மாலை, வேலையிலிருந்து வந்து மகளுக்குத் தண்ணீர் பிடித்தேன். சிவப்புக் குழாயில் வெதுவெதுப்பாகத்தான் வந்தது. அவ்வளவு வெயிலில் இது எப்படி என்று மாடிக்கு ஓடினேன். மறுபடியும் சாக்கு! இந்த முறை புதுச் சாக்கு, இன்னும் நேர்த்தியான கட்டு. அதோடு, டேங்கிலிருந்து கீழே இறங்கும் குழாயை அறுத்து, நடுவில் பித்தளையில் ஏதோ ஒன்றைப் பொருத்தியிருந்தது. பச்சைத் தண்ணீர் லைனிலிருந்து அதற்கு ஒரு புதுக் குழாய் வேறு வந்து சேர்ந்தது. முசே மதியத் தூக்கத்தில் இருந்ததால் யாரையும் பார்க்கவில்லையாம்.

என் கணவர் கத்தியை எடுத்துப் போய்ச் சாக்கைக் கிழித்தே எறிந்தார். சாக்கு இல்லாமல் அடுத்த நாள் முழுக்க வெயில் காய்ந்தும் குழாயில் அதே வெதுவெதுப்புதான். "நம்ம வீட்டு மெஷின எவனோ கெடுக்குறான்" என்று சொல்லிவிட்டு அவர் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே நடந்ததை அவர் வந்து சொன்னபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என்ன திருட்டுப் போனது என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் போகவில்லை, ஒரு பித்தளைச் சாமான் கூடுதலாக இருக்கிறது என்று இவர் சொல்லியிருக்கிறார். "ஏறி வந்து ரிப்பேர் பண்ணி குடுத்துட்டு போறானா? அந்த ஆளு கெடச்சா எங்க வீட்டுக்கும் அனுப்புங்க சார்" என்று அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் தெருவுக்கு வழக்கமாக வரும் பிளம்பரைக் கூட்டி வந்தோம். அவர் அந்தப் பித்தளைச் சாமானை முன்னாலும் பின்னாலும் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மேலே இருந்த திருகைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "இது என்னான்னு எனக்கு தெரியல சார். ஆனா புதுசு. நல்ல சாமான். இத எவன் சும்மா மாட்டிட்டு போவான்?" என்றார். எதுவாக இருந்தாலும் கழற்றிவிட்டுப் பழையபடி குழாயைச் சேர்த்துக் கொடு என்றார் என் கணவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்று பிளம்பர் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, மகளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்ததால் நான் லீவு போட்டேன். இரண்டு நாளாக அவளைக் குளிக்க வைக்கவில்லை, சிவப்புக் குழாயையே திறக்கவில்லை. என் ஸ்கூட்டியை என் கணவர் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருந்தார். வாசலில் வண்டி இல்லை, ஜன்னல்களும் சாத்தியிருந்தன. மகளைத் தூங்க வைத்துவிட்டு அடுப்படியில் நின்றிருந்தேன். தலைக்கு மேலே யாரோ நடக்கும் சத்தம் கேட்டது.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை, கையில் இருந்த கரண்டியோடு மாடிக்குப் போய்விட்டேன். ஒருவர் குனிந்து அந்தப் பித்தளைச் சாமானின் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தார். தலையில் ஹெல்மெட். நான் கத்த வாய் திறப்பதற்குள் அவர் திரும்பி, ஹெல்மெட்டைக் கழற்றினார். எங்கள் டீலர். தாடி வளர்ந்து, கண்ணெல்லாம் உள்ளே போய், பாதி ஆளாக இருந்தார்.

"சத்தம் போடாதீங்கக்கா. கால்ல வேணும்னாலும் விழறேன்."

எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ கேட்டேன். போனை ஏன் எடுக்கவில்லை, கடையை ஏன் மூடினாய், அடுத்தவர் வீட்டில் திருட்டுத்தனமாக ஏன் ஏறுகிறாய், இந்தச் சாக்கு எதற்கு, இந்தப் பித்தளை எதற்கு. அவர் அங்கே கிடந்த பிளாஸ்டிக் வாளியை எடுத்து டேங்கின் அடிக்குழாய்க்குக் கீழே வைத்து, "தள்ளி நில்லுங்க, கை வெக்காதீங்க" என்று சொல்லித் திறந்தார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அந்த வெயிலிலும் என் முகத்தில் அனல் அடித்தது. வாளி அப்படியே இளகி ஒரு பக்கம் சாய்ந்தது.

"ரெண்டு நாள் யாரும் பொழங்கலன்னா உள்ள இப்டி தான் இருக்கும். கீழ உங்க செவப்புக் கொழாயில வர்றதும் இதே தண்ணி தான்க்கா. இப்ப இந்த பித்தள வால்வு தான் பச்சத் தண்ணிய கலந்து ஆற வெச்சு அனுப்புது. இத கழட்டிடாதீங்க. சாக்கும் கட்டுங்க, வெயில் கொறையுற வரைக்கும்."

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். அப்போதுதான் அவர் டேங்கின் நிழலில் உட்கார்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தார். கருவடிக்குப்பத்தில் ஒரு வீட்டுக்கு அவர் ஹீட்டர் மாட்டியிருக்கிறார். அந்தக் குடும்பம் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறது. வந்ததும் அவர்களுடைய சின்னப் பெண் குளிக்கப் போய்ச் சிவப்புக் குழாயைத் திறந்திருக்கிறாள். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. தன் வலது கையையும் தோளையும் தடவிக் காட்டினார். குழந்தை பெரியாஸ்பத்திரியில் கிடந்ததாகவும், சொந்தக்காரர்கள் வந்து கடையை உடைத்ததாகவும், கண்ணில் பட்டால் விடமாட்டோம் என்று தேடிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.

"கம்பெனில கேட்டேன், மெஷின்ல கோளாறே இல்ல, நீ பயப்படாதன்றாங்க. கோளாறு இல்ல தான். ஆனா ஊருக்கு போனா மூடி வெச்சிட்டு போங்கன்னு மாட்டும்போது நான் சொல்லணும். எல்லா வீட்லயும் சொல்லுவேன். அந்த வீட்ல சொன்னேனா இல்லயான்னு எனக்கு நெனவே வரலக்கா. எவ்ளோ யோசிச்சாலும் வரல."

எங்கள் வீட்டில் சொன்னாரா? நானும் நின்ற இடத்திலேயே யோசித்தேன். அவர் மகளைத் தூக்கிச் சூரியனைக் காட்டியது நினைவிருந்தது. காபி கொடுத்த டம்ளர் கூட நினைவிருந்தது. இதை மட்டும் சொன்னாரா இல்லையா என்று எனக்கும் தெரியவில்லை.

ஏன் ஒளிந்து ஒளிந்து வருகிறீர்கள் என்று கேட்டேன். முதலில் ஒரு வீட்டில் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னாராம். அவர்கள் உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய்க் கருவடிக்குப்பத்துக்காரர்களுக்குப் போன் செய்துவிட்டார்களாம். "அதுக்கப்புறம் கேக்கறதில்ல. ஆள் இல்லாத நேரமா பாத்து மாட்டிட்டு போயிடறேன். நான் மாட்டுன வீடு எல்லாத்துலயும் கொழந்தைங்க இருக்குக்கா."

அந்த நேரத்தில்தான் எனக்குச் சிதம்பரம் கல்யாணத்திலிருந்து நாங்கள் திரும்பி வந்த மதியம் ஞாபகம் வந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "நானே தொறந்தேன்" என்று நனைந்த தலையோடு நின்றாளே! அன்றைக்கு அந்தச் சாக்கு அங்கே இல்லாமல் இருந்திருந்தால்? நாங்கள் இல்லாதபோது இந்த ஆள் திருடன் மாதிரி வந்து கட்டிவிட்டுப் போகாமல் இருந்திருந்தால்? அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அடுத்த நிமிடமே, இந்த ஆபத்தை என் வீட்டு மாடிக்குக் கொண்டுவந்ததே இவர்தானே என்றும் தோன்றியது.

கீழே எதிர் வீட்டுப் பால்கனியிலிருந்து முசே குரல் கொடுத்தார். "யாரும்மா மேல? அந்த ஹெல்மெட்டுக்காரனா? ஆளுங்கள கூப்புடவா?"

டீலர் என்னைப் பார்த்தார். ஓடவில்லை, கெஞ்சவும் இல்லை. நான் என்ன சொல்கிறேனோ அதுதான் என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

"பிளம்பர், முசே! நான் தான் வரச் சொன்னேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

அவர் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். போகும்போது, "பாப்பாவ தனியா கொழாவ தொட விடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

மதியம் வந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு எழுந்து நடந்தார், மறுபடி உட்கார்ந்தார். "அவன புடிச்சு குடுத்திருக்கணும் நீ" என்றார். நம் பெண்ணைக் காப்பாற்றியவர் என்றேன். "அந்த வீட்டுப் பொண்ணு? நம்ம பொண்ணுக்கு அப்டி ஆயிருந்தா நீ பிளம்பர்னு சொல்லியிருப்பியா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே குளியலறைக்குப் போய்ச் சிவப்புக் குழாயைத் திறந்து, கையை நீட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். மறுநாள் வந்த பிளம்பரைத் திருப்பி அனுப்பியதும் அவர்தான்.

எனக்கு மனசு ஆறவில்லை. அந்தக் குழந்தையைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. பார்த்து என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. மகளுக்குச் சரியானதும் ஒருநாள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கருவடிக்குப்பம் போனேன். சோலார் வைத்த வீடு என்று கேட்டதுமே கைகாட்டிவிட்டார்கள்.

அந்தக் குழந்தையின் அம்மா என் வயதுதான் இருப்பாள். எங்கள் வீட்டிலும் அதே ஆள்தான் மாட்டினார் என்று உண்மையைச் சொன்னேன். உள்ளே கூப்பிட்டாள். குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டிருந்தது. தோளிலிருந்து முழங்கை வரை கட்டு. டிவி முன்னால் உட்கார்ந்து இடது கையால் முறுக்குத் தின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நான் மாடியில் சொன்ன பொய் எனக்குப் பெரிய துரோகமாகப் பட்டது.

அம்மா என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தி, "அந்த ஆள பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

அவள் நான் பதில் சொல்லக் காத்திருக்கவில்லை.

"நான் பாத்தேன்" என்றாள். "இவ ஆஸ்பத்திரில இருக்கும்போது துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். மாடில சத்தம். போயி பாத்தா அந்த ஆளு சாக்கு கட்டிக்கிட்டு இருக்கான். எங்க வீட்டுக்காரரும் மச்சானும் ஊர் பூரா தேடுறாங்க, அவன் எங்க வீட்டு மேலயே ஒக்காந்து கட்டிக்கிட்டு இருக்கான். கத்தணும்னு தான் போனேன். வாயே வரல. அப்டியே எறங்கி வந்துட்டேன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளே புடவை முந்தானையைச் சுருட்டிக்கொண்டு சொன்னாள்.

"மூடி வெச்சிட்டு போங்கன்னு அவன் நம்மகிட்ட சொன்னானான்னு எங்க வீட்டுக்காரர் கேட்டாரு. இல்லவே இல்லன்னுட்டேன். ஆனா சொன்ன மாதிரியும் இருக்குங்க. அன்னிக்கி அடுப்புல ஏதோ இருந்துது, சரி சரின்னு தலையாட்டுன மாதிரி ஒரு நெனப்பு. நெஜமா சொன்னானா, இப்ப நானா நெனச்சிக்கறேனான்னு புரியல. இத யார்கிட்ட போய் கேப்பேன்?"

நானும் அவரைப் பார்த்தேன், நானும் காட்டிக்கொடுக்கவில்லை என்று சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது ஆறுதலா, அல்லது ஆறுதல் கேட்டுப் பிடித்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சண்டே மார்க்கெட் கூட்டத்தில் அவளைப் பார்த்தேன். குழந்தையும் கூட இருந்தது. கட்டு அவிழ்த்தாகிவிட்டது. தழும்பு தெரியாமல் இருக்க முழுக்கைச் சட்டை. குழந்தை வளையல் பார்க்கப் போனதும் அவள் மீதியைச் சொன்னாள். ஒரு சாயங்காலம் அந்த டீலர் ஹெல்மெட் இல்லாமல் நேராக அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாராம். அவள் கணவர் எழுந்து போய் அடித்தாராம். டீலர் தடுக்கவில்லை, விலகவும் இல்லை. "அடிச்சாரு அடிச்சாரு, அப்புறம் இவரே வாசப்படில ஒக்காந்து அழுதாரு. அந்த ஆளு பக்கத்துல நின்னுக்கிட்டே இருந்தான்" என்றாள். அன்று இரவு, தனக்கிருந்த சந்தேகத்தைக் கணவரிடம் சொல்லிவிட்டாளாம்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ரொம்ப நாளு என்கிட்ட பேசல. இப்ப பேசுறாரு" என்றாள்.

டீலர் அதற்குப் பிறகு ஊரை விட்டுப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். எந்த ஊர், என்ன தொழில், எதுவும் தெரியாது. எங்கள் வீட்டில் அவர் வைத்த ஹீட்டர் இன்னும் பல வருடம் உழைத்தது. அதற்குள் எங்கள் தெருவில் பல வீடுகளில் சோலார் வந்துவிட்டது. யாராவது புதிதாக மாட்டினால், யாரும் அழைக்காமலே நான் போய், ஊருக்குப் போகும்போது மூடிவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டு வருவேன். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லியும் கேட்பேன். சிலர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அந்த மனிதர் குற்றவாளியா, எங்கள் குழந்தையைக் காத்தவரா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றும் பதில் தெரியாது. ஆனால் ஒருவர் நல்லவரா கெட்டவரா என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல அந்தக் கோடைக்கு முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போது இல்லை.